மீன்கண், உப்புப்பூ, உரிகிற தோல்: மாடல் கார் பாடியில் பெயிண்ட் நிற்காதபோது

போன மாதம் ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி ஷூ பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு என் வீடு தேடி வந்தான். பெட்டிக்குள் 1:24 அளவில், அதாவது உண்மைக் காரில் இருபத்துநாலில் ஒரு பங்கு அளவில், ஒரு நிஸான் ஸ்கைலைன் கார் பாடி. கருநீலம் அடித்திருந்தான். கூரை முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி வட்ட வட்டமாகக் குழி, ஒவ்வொரு குழிக்குள்ளும் பிளாஸ்டிக் பல்லிளித்தது.

"அண்ணே, பெயிண்ட் சரியில்லண்ணே. வேற டப்பா வாங்கிரவா?"

"டப்பாவை விடு. பாடியக் கழுவுனியா?"

"நல்லாக் கழுவுனேண்ணே. ஞாயித்துக்கிழம கழுவி, காய வச்சு, பரண்ல எடுத்து வச்சேன்."

"பெயிண்ட் அடிச்சது?"

"வியாழக்கிழம."

அந்த நாலு நாளில்தான் கோளாறு. நம் பக்கம் காலையில் துடைத்த கண்ணாடி சாயங்காலத்துக்குள் பிசுபிசுத்துவிடும். ஜன்னல் கம்பியில் நாக்கை வைத்தால் கரிக்கும். பரணுக்குக் கீழே அடுக்களை, அடுக்களையில் தினமும் மீன் பொரிகிறது. பாடியைக் கழுவி நாலு நாள் திறந்து வைப்பதும் கழுவாமல் விடுவதும் இந்தக் கரையில் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் நான் வைத்திருக்கும் விதி இது: கழுவுவது கடைசி வேலை. வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, எல்லாம் முடித்துவிட்டுக் கழுவ வேண்டும். காலையில் கழுவினால் மதியத்துக்குள் பிரைமர், அதாவது அடிப்பூச்சு, ஏற வேண்டும். முடியாவிட்டால் மூடி போட்ட டப்பாவுக்குள் போக வேண்டும்.

கீழே உள்ள கோளாறுகளில் உங்களுடையது எது என்று பார்த்து அங்கிருந்து தொடங்குங்கள். முழுதும் படிக்க வேண்டியதில்லை.

கண் கண்ணாகக் குழி விழுகிறது

டிங்கரிங் பட்டறைகளில் இதை 'ஃபிஷ் ஐ' என்பார்கள். நமக்கு மீன்கண். பெயிண்ட் ஒரு புள்ளியைச் சுற்றி ஒதுங்கி நிற்கிறது என்றால் அந்தப் புள்ளியில் எண்ணெய், மெழுகு, சிலிக்கான் மூன்றில் ஒன்று இருக்கிறது.

மெழுகு எப்படி வந்தது என்று கேட்பவர்களை ஃபைபர் படகு கட்டும் இடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். அச்சின் உட்புறம் முழுக்க முதலில் வாக்ஸ் தேய்ப்பார்கள். அதற்கு மேல் ஜெல்கோட், அதற்கு மேல் கண்ணாடி இழைப் பாய், ரெசின். வாக்ஸ் இல்லாமல் ஊற்றினால் படகு அச்சை விட்டு வராது, உடைத்துத்தான் எடுக்க வேண்டும். பாகம் பாகமாகப் பெட்டியில் வரும் மாடல் கிட் தயாரிப்பதும் அதே கதைதான். இரும்பு அச்சுக்குள் உருக்கிய பாலிஸ்டைரீனை அழுத்திச் செலுத்துகிறார்கள். சுலபமாகக் கழன்று வர அச்சில் எதையாவது பூசுவதுண்டு. பூசினார்களா இல்லையா என்பது பெட்டியில் எழுதியிருக்காது. அதனால் எல்லாக் கிட்டையும் பூசியதாகவே எடுத்துக்கொள்வது நல்லது. ரெசினில் வார்த்த பாடி என்றால் சந்தேகமே வேண்டாம், விரலில் வழுக்கும்.

மற்றதெல்லாம் நம் வீட்டுச் சரக்கு. தலையில் தேய்த்த தேங்காயெண்ணெய் கை வழியாகப் பாடிக்கு வந்துவிடும். பைக்குக்கும் கார் டாஷ்போர்டுக்கும் பளபளப்புக்காக அடிக்கிற பாலிஷில் பெரும்பாலும் சிலிக்கான் உண்டு. அதே அறையில் அதை ஒரு தடவை அடித்தால் போதும், காற்றில் மிதந்து வந்து உட்காரும். சிலிக்கான்தான் இருப்பதிலேயே மோசம். சோப்புக்கு அவ்வளவு சீக்கிரம் அசையாது.

கழுவும் முறையைச் சொல்கிறேன். பாத்திரம் கழுவும் ஜெல் நாலைந்து சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான பழைய டூத் பிரஷ். கை பொறுக்கும் சூடு போதும். கொதிநீர் வேண்டாம், மெல்லிய தூண்கள் வளைந்துவிடும். தலைக்குப் போடும் ஷாம்பு, கைகழுவும் திரவம் எதுவும் வேண்டாம். தோல் வறளாமல் இருக்க அவற்றில் ஏதாவது சேர்த்திருப்பார்கள், அது பாடியிலேயே தங்கும். பிரஷ்ஷை வட்டமாக ஓட்டுங்கள். கிரில் இடுக்கு, வைப்பர் அடி, கதவுக் கைப்பிடி, பானெட்டுக் கோடு இந்த நாலையும் ஒருவரும் ஒழுங்காகத் தேய்ப்பதில்லை. பாடியின் உட்புறத்தையும் தேயுங்கள். பிடித்துக்கொண்டு வேலை செய்தது அங்கேதான். உள்ளே இருக்கிற எண்ணெய் விளிம்பு வழியாக வெளியே இறங்கும்.

கழுவி முடித்ததும் கூரை மேல் தண்ணீரை ஊற்றிச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். புத்தம்புது வழுவழுப்புப் பிளாஸ்டிக்கில் தண்ணீர் எப்படியும் முத்து முத்தாகத்தான் நிற்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பேப்பர் போட்ட பாடியில் படலமாகப் பரவும். படலம் எல்லா இடத்திலும் ஒரே சீராக வடிகிறதா, அல்லது ஒரு இடத்தில் மட்டும் சட்டென்று விலகி வழி விடுகிறதா என்பதுதான் கேள்வி. தம்பியின் பாடியை நான் பிறகு கழுவிப் பார்த்தபோது கூரையின் இடது ஓரத்தில் முட்டை வடிவத்தில் ஒரு திட்டு, தண்ணீர் அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனது. அவன் பெருவிரலை மேலே வைத்துப் பார்த்தேன், அச்சாகப் பொருந்தியது.

அதற்கப்புறம் கையுறை. நைட்ரைல் கையுறை மருந்துக்கடையிலேயே கிடைக்கும். பவுடர் போட்ட ரப்பர் கையுறை வேண்டாம், அந்த மாவு பெயிண்டில் தெரியும். அடிப்பதற்குச் சற்று முன் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் பறக்காத துணியால் ஒரு துடைப்பு. ஒரே பக்கமாகத் துடைத்து, துணியைத் திருப்பிப் பிடித்து அடுத்த இடம். முன்னும் பின்னும் தேய்த்தால் எண்ணெயை ஊர் முழுக்கப் பங்கு வைத்ததாக ஆகும். பெட்ரோல், தின்னர், அசிட்டோன் இவற்றால் துடைக்கவே கூடாது. பாலிஸ்டைரீன் கரைந்து குழையும்.

ஏற்கனவே குழி விழுந்திருந்தால் ஈரத்தோடு தொடாதீர்கள். இரண்டு மூன்று குழிதான் என்றால் நன்றாகக் காயவிட்டு 1000 நம்பர் வாட்டர் பேப்பரால் சமமாக்கி, துடைத்து, தூறல் மாதிரி மெல்லிய கோட்டுகளாக ஏற்றலாம். கூரை முழுக்க என்றால் மல்லுக்கட்டுவதில் பயனில்லை. கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி, சில வாரத்தில் சின்னச் சின்னக் கொப்புளம்

இது நம் கடற்கரைக்கே உரிய கோளாறு. வெளியூர்க்காரர்கள் எழுதும் குறிப்புகளில் தேடினாலும் அதிகம் கிடைக்காது. காரணம் தண்ணீர்.

போர்வெல்லிலிருந்து வரும் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று குளியலறைக் குழாயின் மூக்கைப் பார்த்தாலே தெரியும். அதில் அலசி, அப்படியே காயவிட்டால் தண்ணீர் ஆவியாகப் போகும், உப்பு போகாது. கூரையிலும் பானெட்டிலும் வளையம் வளையமாகப் படிந்து, அதன் மேல் பிரைமர் உட்காரும். உப்புக்கு ஈரத்தை இழுக்கிற குணம் உண்டு. ஐப்பசி கார்த்திகை மழைக்காலம் வந்ததும் பெயிண்டுக்கு அடியில் அது ஈரத்தை இழுத்து ஊதும். வெயில் காலத்தில் அடித்த பாடி வாடைக்காற்று தொடங்கியதும் கொப்பளித்தால் பெயிண்டைத் திட்டாதீர்கள்.

வீட்டுத் தண்ணீரைச் சோதிக்க ஒரு சுலபமான வழி. கிட்டின் பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் ஸ்ப்ரூ சட்டத்தில் மிச்சமிருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் துண்டில் ஒரு சொட்டு விட்டு நிழலில் காய வையுங்கள். எங்கள் வீட்டு போர் தண்ணீர் காய்ந்தபோது ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்ட மாதிரி வெள்ளை வளையமும் நடுவில் மெல்லிய பொடியும் நின்றன. விரலால் தேய்த்தால் நறநறத்தது. அதே சட்டத்தில் காவிரிக் கூட்டுக்குடிநீர் ஒரு சொட்டு, கேன் தண்ணீர் ஒரு சொட்டு, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் ஒரு சொட்டு. குழாய்க் குடிநீர் மங்கலாக ஒரு வட்டம் விட்டது. கேனுக்கு வட்டம் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. பேட்டரித் தண்ணீர் தடமே இல்லாமல் போயிருந்தது.

சோப்புப் போட்டுத் தேய்ப்பதற்கு எந்தத் தண்ணீரும் பரவாயில்லை. கடைசி அலசலுக்கு மட்டும் டிஸ்டில்ட் வாட்டர். ஒரு பாடிக்கு அரை லிட்டர் தாராளம். அலசியதும் உதறி, பெரிய சொட்டுகளைத் துணியின் நுனியால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். மொட்டை மாடியில் காய வைப்பதை அறவே மறந்துவிடுங்கள். கடல்காற்று உப்பைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும், வெயில் மெல்லிய பாகங்களை வளைக்கும். கவிழ்த்த பிளாஸ்டிக் டப்பாவுக்கு அடியில், ஈரம் இழுக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு, வீட்டுக்குள்ளேயே காயட்டும். ஷூ பெட்டிக்குள் வருகிற பொட்டலங்களைச் சேர்த்து வைத்தால் போதும்.

டேப்பை எடுத்தால் பெயிண்டும் தோலாக வருகிறது

இரண்டு நிறக் கார் அடிப்பவர்களின் கண்ணீர் இது. உரிந்து வந்த தோலைத் திருப்பிப் பாருங்கள். அடியில் பிரைமரும் சேர்ந்து வந்திருந்தால் பிளாஸ்டிக் அழுக்கு, அல்லது வழுவழுப்பாகவே விட்டுவிட்டீர்கள். பிரைமர் பாடியிலேயே நின்று மேல் நிறம் மட்டும் வந்திருந்தால் பிரைமருக்கும் நிறத்துக்கும் நடுவே கை பட்டிருக்கிறது, அல்லது பிரைமர் காயவில்லை. பிரைமர் காய்ந்ததா என்று விரலால் பார்ப்பது தப்பு. மூக்கருகே கொண்டுபோய் மோந்து பாருங்கள். வாசனை இருக்கும் வரை காயவில்லை.

வழுவழுப்பைப் போக்க 1000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து மெல்ல ஓட்டினால் போதும், மினுக்கம் மங்கினால் சரி. நம்மூரில் பழைய ஆட்கள் இதை உப்புத்தாள் என்பார்கள். பெயரைக் கேட்டுவிட்டு உப்புத் தண்ணீரில் நனைக்காதீர்கள்.

பளபளப்பு ஏறியதும் கோடு தெரிகிறது

வெறும் பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத கோடு, பளபளப்புக்காக மேலே அடிக்கிற கிளியர் ஏறியதும் தெருவிளக்கு மாதிரி தெரியும். அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடம் அது. கார் பாடியில் அது எங்கே ஒளிந்திருக்கும் என்பது கிட்டத்தட்ட நிச்சயம்: முன் மட்கார்டின் மேல் முதுகு, கூரைத் தூண்கள், பின் விளக்குக்கு மேல் உள்ள மூலை, பம்பர் ஓரம். ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று பாடியைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். கண்ணுக்குப் பிடிபடாததை நகம் சொல்லும்.

கோட்டைக் கத்தியின் முனையால் வெட்டக் கூடாது. கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து, கூர்ப்பக்கத்தை இழுத்துச் சுரண்ட வேண்டும், தேங்காய் ஓட்டைச் சுரண்டுவது மாதிரி. பிறகு 600, 800, 1000 என்று படிப்படியாக. பேப்பரைச் சின்னக் கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். விரலால் தேய்த்தால் விரலின் வளைவுக்குக் குழி விழும்.

பேப்பர் போடும்போது பானெட், கதவுக் கோடுகள் ஆழம் குறையும், அதற்கு மேல் பிரைமரும் நிறமும் சேர்ந்து தூர்ந்தேவிடும். பிரைமருக்கு முன்பே அந்தக் கோடுகளை ஆழப்படுத்த வேண்டும். உடைந்த கத்தியின் முதுகுப்பக்கம் போதும். முதல் இழுப்பு பூ மாதிரி, அழுத்தமே கூடாது. நாலைந்து இழுப்புக்கு அப்புறம் தடம் தானே பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது பட்டி. அச்சுக்குள் பிளாஸ்டிக் ஆறும்போது தடிமனான இடங்கள் உள்ளிழுத்துக்கொள்ளும். பாடிக்கு உட்புறம் திருகு மாட்டும் தூண் இருக்கிற இடத்துக்கு நேர் மேலே பாருங்கள், லேசான பள்ளம் இருக்கும். இதற்கு டிங்கரிங் கடைப் பட்டியை வாங்கிப் பூசியவர்கள் என்னையும் சேர்த்துப் பலர். கிராமப்புற மினி பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடிக்கிற ஒருவரிடம் கெஞ்சி வாங்கி வந்தேன். அன்றைக்குப் பிரமாதமாக இருந்தது. ஒரு வாரம் கழித்து பட்டியின் எல்லை தேசப்படம் மாதிரி பெயிண்டில் தெரிந்தது. டியூபில் வருகிற ஒற்றைப் பட்டி, உள்ளிருக்கும் தின்னர் போகப் போகச் சுருங்கும். அந்தத் தின்னர் பிளாஸ்டிக்கையும் மெல்ல அரிக்கும்.

இரண்டு பொருள் கலந்து போடுகிற பாலியெஸ்டர் பட்டி அவ்வளவாகச் சுருங்காது. ஊசி முனை அளவு பள்ளத்துக்கு ஃபெவிகுவிக் வகைப் பசையே போதும், சமையல் சோடா ஒரு சிட்டிகை தூவினால் உடனே இறுகும். அதை அன்றைக்கே தேய்த்து முடித்துவிடுங்கள். மறுநாள் அது பிளாஸ்டிக்கை விடக் கெட்டியாகிவிடும், பேப்பர் போட்டால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்தான் தேயும், பசை மேடாக நிற்கும்.

எல்லாம் சரியா என்று சொல்லுவது சாம்பல் பிரைமர்தான். மெல்லிய கோட் ஒன்று அடித்தால் நீங்கள் பார்க்காமல் விட்டதெல்லாம் எழுந்து நிற்கும். மறுபடி பேப்பர், மறுபடி கழுவல், மறுபடி பிரைமர். இந்தச் சுற்றை மூன்று தடவை செய்தவர்கள் சலித்துக்கொள்வதை நான் கேட்டதுண்டு, செய்யாதவர்கள் கிளியர் ஏறிய பிறகு புலம்புவதையும் கேட்டதுண்டு.

மணல் மணலாக, நூல் நூலாக

1:24 என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் மணல் உண்மைக் காரில் 12 மில்லிமீட்டர், அதாவது பானெட் மேல் ஒரு சுண்டைக்காயை ஒட்டவைத்து அதற்கும் சேர்த்துப் பெயிண்ட் அடித்தது மாதிரி. கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அடிக்காதீர்கள். அடிக்க அரை மணி நேரத்துக்கு முன் வாசல் தெளிப்பது போலத் தரையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மின்விசிறியை நிறுத்துங்கள். அடித்த பிறகு காற்றோட்டம் கட்டாயம் வேண்டும், வாசனையில் தலை சுற்றும். எரிகிற அடுப்பு இருக்கும் இடத்துக்கு ஸ்பிரே டப்பா போகவே கூடாது.

உலர்ந்த துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் ஏறும், தூசு ஓடி வந்து ஒட்டும். நம் காற்றில் ஈரம் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு, ஏ.சி. அறையில் அதிகம். லேசாக ஈரமான துணி போதும். புதுத் துண்டு எதையும் பாடி அருகே கொண்டுவர வேண்டாம்.

பால் படர்ந்த வெளுப்பு

ஸ்பிரேயில் உள்ள தின்னர் ஆவியாகும்போது பாடியின் மேற்பரப்பு குளிரும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ச்சியில் பனித்துளி மாதிரி தண்ணீர் படியும், பெயிண்ட் வெளுக்கும். மழை பிடித்திருக்கும் நாளிலும் அதிகாலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் அடிக்காமல் இருப்பதுதான் மருந்து. நான் காலை பத்து மணிக்கு மேல், வெயில் ஏறி ஈரம் குறைந்ததும் தொடங்கி, கடல்காற்று பலமாவதற்குள் முடிப்பேன். வெளுத்துவிட்டால் பதறாதீர்கள். காய்ந்த நாளில் மேலே மெல்லிய கோட் ஒன்று ஏறினால் பல நேரம் மறைந்துவிடும்.

சிலந்தி வலை மாதிரி வெடிப்பு

பாடியில் வீரியம் மிகுந்த தின்னர் பட்டுவிட்டது. கார்களுக்கு அடிக்கிற ஹார்டுவேர் கடை ஸ்பிரேயை பிரைமர் இல்லாத பிளாஸ்டிக் மேல் ஈரம் சொட்ட அடித்தால் இப்படி ஆகும். புது டப்பாவை முதலில் ஸ்ப்ரூ சட்டத்தில் அடித்துப் பாருங்கள். வெடித்த பிளாஸ்டிக்கைப் பேப்பர் போட்டுச் சமமாக்குவது தவிர வழியில்லை.

வெள்ளை அடித்தால் ரோஸ் ஆகிறது

சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்த பாடி. சாயம் தின்னரோடு மேலே ஏறுகிறது. எத்தனை கோட் வெள்ளை அடித்தாலும் ஏறிக்கொண்டே இருக்கும். நடுவில் வெள்ளி நிறம் ஒரு கோட் அடித்துக் காயவிட்டால் சாயம் அங்கேயே நிற்கும்.

பெயிண்டைக் கழற்றிவிட்டு முதலிலிருந்து

அக்ரிலிக் பெயிண்டும், மாடல்களுக்கென்றே வருகிற லேக்கர் ஸ்பிரேக்களில் பலவும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறினால் விட்டுவிடும். மூடியுள்ள டப்பாவில் இரவு முழுக்க ஊறட்டும், அடுப்பு, விளக்கு அருகில் வேண்டாம். காலையில் பிரஷ்ஷால் தேய்த்தால் கூழாக வரும். எனாமல் இதற்கு அசையாது. பைக்குக்கு ஊற்றும் பிரேக் ஆயில் எனாமலைக் கழற்றும். கையுறை கட்டாயம், நீண்ட நேரம் ஊறவிட்டால் சில பிளாஸ்டிக் உடையக்கூடியதாகிவிடும். குரோம் பாகங்களின் மினுக்கைத் துணி வெளுக்கும் ப்ளீச்சில் போட்டால் கொஞ்ச நேரத்தில் போய்விடும். கழிவறை கழுவும் ஆசிட் பக்கத்தில் இருந்தால் முதலில் அதை வேறு அறைக்கு மாற்றுங்கள். இரண்டும் கலந்தால் விஷவாயு வரும்.

தம்பியின் ஸ்கைலைனுக்கு ஆல்கஹால் கைவசம் இல்லை, டெட்டாலில் போட்டேன். தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்ற வேண்டும். தேய்த்து, முதல் அலசலையும் டெட்டாலிலேயே செய்து, அதன் பிறகுதான் சோப்பும் தண்ணீரும். அவசரப்பட்டு நேரே குழாயடிக்குக் கொண்டு போனான் தம்பி. பாடி முழுக்கக் கருநீலக் கோந்து, தார் மாதிரி பிரஷ்ஷில் இழுத்தது. திரும்ப டெட்டாலுக்குள் போட்டு எடுக்கும்வரை முற்றமெல்லாம் ஆஸ்பத்திரி வாசனை. சந்தைக்குப் போயிருந்த அம்மா பையோடு உள்ளே நுழைந்தவர், எங்கள் இரண்டு பேரின் கையையும் நீல நிறத்தையும் பார்த்துவிட்டு, "யாருக்குப்பா அடிபட்டுச்சு?" என்று கேட்டுக்கொண்டே பையைக் கீழே வைத்தார்.